டாட் ஈயூ முகவரி வைத்திருந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. ஐரோப்பிய ஒன்றியத்தின் டாட் ஈயூ (.eu) இணைய முகவரி பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். 2005 டிசம்பரில் வணிக முத்திரை உள்ளவர்களுக்கும் அரசு அமைப்புகளுக்கும் பதிவை முதலில் திறந்தார்கள். 2006 ஏப்ரல் 7 முதல் மற்றவர்களுக்கும். முந்தியவருக்கே பெயர் என்பதால் விற்பதற்காகவே குவித்தவர்கள் உண்டு. அதே ஆண்டில், இந்த முகவரிகளை நிர்வகிக்கும் பதிவகமான யூரிட் சுமார் 74,000 பெயர்களை முடக்கியது.

இதெல்லாம் ஆவணங்களில் இருக்கிறது. எனக்கு வேண்டியது பயன்படுத்தியவர்களின் அனுபவம். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, ஒன்றியக் குடியுரிமை இல்லாத பிரிட்டன்வாசிகள் அந்தப் பெயர்களுக்கான தகுதியை இழந்தார்கள். ஒழுங்காகப் பணம் கட்டியவரிடமிருந்து இப்படிப் பெயரை எடுப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

பிரிட்டனில் கடைக்கோ சங்கத்துக்கோ இந்த முகவரியை வைத்திருந்த தமிழர்கள் சொல்லுங்கள்: அறிவிப்பு எப்போது வந்தது? மின்னஞ்சலை எப்படி மாற்றினீர்கள்? அப்புறம் அந்தப் பெயர் யாரிடம் போனது? தனிச்செய்தி அனுப்பினாலும் சரி.