நேப்பிள்ஸ் கோல்ஃப் மைதானமும் குளத்து முதலையும்

ஃப்ளோரிடாவில் நேப்பிள்ஸ் பக்கம் உள்ள தனியார் கோல்ஃப் கிளப்புகளில் முதலையைப் பார்ப்பது அதிசயமே இல்லை. மாநிலம் முழுக்க சுமார் 13 லட்சம் முதலைகள் இருக்கின்றன என்கிறது வனவிலங்குத் துறை. கடலோரத்தில் நிலம் சமதளம். கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். அதனால் குளம் வெட்டி, அந்த மண்ணைக் கொட்டியே ஆடும் புல்வெளியை மேடாக்குகிறார்கள். மழைத் தண்ணீர் வடிவதும் அந்தக் குளத்துக்குத்தான். மீன், ஆமை, வெயில் காய வெட்டவெளிக் கரை. முதலைக்கு வேறென்ன வேண்டும்?

என் நண்பர் அப்படி ஒரு கிளப்பில் உறுப்பினர். அவ்வப்போது என்னையும் அழைத்துப் போவார். ஒரு ஏப்ரல் மாதக் காலை எனக்கு மறக்கவே மறக்காது. ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவு புழுக்கம். நடந்துகொண்டிருந்தபோது குளத்துப் பக்கமிருந்து ஒரு உறுமல். காதில் விழுந்ததைவிட நெஞ்சுக்குள் அதிர்ந்ததுதான் அதிகம். தலையையும் வாலையும் தூக்கியபடி ஒரு ஆண் முதலை. அப்படியே நின்றுவிட்டோம். ஒவ்வொரு முறையும் குரல் எழும்புவதற்குச் சற்றுமுன், அதன் முதுகுக்கு மேலிருந்த தண்ணீர், தோசைக்கல்லில் தெளித்ததுபோலத் துளித்துளியாகத் துள்ளியது. நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வு அது. ஏப்ரல், மே மாதங்கள் இணை சேரும் காலம் என்பதால் அந்தச் சத்தம் அடிக்கடி கேட்கும் என்றார் நண்பர்.

அப்புறம் பந்து விஷயம். பந்துக்குப் பக்கத்தில் முதலை படுத்திருந்தால் அங்கே போய்த்தான் அடிக்க வேண்டும் என்பதில்லை. கோல்ஃப் விதி 16.2 ஆபத்தான விலங்குகளைச் சொல்லும்போது முதலையின் பெயரையே குறிப்பிடுகிறது. தண்டனைப் புள்ளி இல்லாமல், குழிக்கு நெருக்கமாகப் போகாதபடி, பத்திரமான இடத்தில் வேறு பந்து போட்டு ஆடலாம். கரையோரம் கிடந்த என் பந்தை நான் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மனசு ஆறாத ஒன்றும் உண்டு. இன்னொரு நாள், எங்களுக்கு முன்னால் ஆடிய குழுவில் ஒருவர் படம் எடுப்பதற்காக சாண்ட்விச்சிலிருந்து சிக்கன் துண்டுகளைப் பிய்த்துக் குளத்துக்குள் எறிந்துகொண்டிருந்தார். அங்கே முதலைக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். நண்பர் போய்ச் சத்தம் போட்டார். அவர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டார். மனிதனைக் கண்டால் விலகிப் போகும் பிராணிதான் அது. தீனி பழகிவிட்டால் ஆளைத் தேடி வரும். பிறகு போனபோது அந்தக் குளத்தில் அது இல்லை. வண்டிகளை நோக்கிக் கரையேற ஆரம்பித்ததால் ஆள் வைத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். நாலடிக்கு மேல் வளர்ந்த முதலை தொல்லை என்று புகார் போனால், பெரும்பாலும் வேறிடத்தில் விடமாட்டார்கள். பழைய இடத்துக்கே திரும்பிவரப் பார்க்கும் என்பதால் கொன்றுவிடுவார்கள். அந்த சிக்கன் துண்டை எறிந்தவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.