வெளியால பூட்டு, உள்ளுக்கு ரெண்டு பிள்ளைகள்: சிறுவர் பாதுகாப்பு நம்பர் 1929க்கு கோல் எடுத்தா என்ன நடக்கும்?

மூன்றாம்மாடி (கொட்டாஞ்சேனை)

எங்கட ஃப்ளட்ஸில கீழ்மாடியில ரெண்டு பிள்ளைகள் இருக்கு. மூத்தவளுக்குப் பதினொண்டு இருக்கும், சின்னவனுக்கு நாலு. அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போயிட்டா. தகப்பன் ஹாபர் பக்கம் கூலி வேலை. காலையில வெளியால பூட்டுப் போட்டுட்டுப் போனா, இருட்டின பிறகு குடிச்சிட்டுத்தான் வருவார். மூத்தவள் ஸ்கூலுக்குப் போறதே இல்லை.

நேற்று மத்தியானம் படியால இறங்கேக்க சின்னவன் ஜன்னல் கம்பிக்குள்ளால கையை நீட்டி, "அன்டி, பாண் இருக்கா" எண்டு கேட்டான். முழங்கைக்குக் கீழ தீக்காயம், ஓரமெல்லாம் சீழ் வச்சிருக்கு. "சுடுதண்ணி பட்டது" எண்டு சொல்லி அக்கா அவனை உள்ளுக்கு இழுத்துட்டாள். சோறு கட்டிக் குடுத்தன். அதோட சும்மா இருக்க மனசு கேக்குதில்லை.

1929க்குச் சொல்லலாமா? என்னட்ட ஆதாரம் ஒண்டும் இல்லை. பிள்ளைகளைப் பிரிச்சு சிறுவர் ஹோம்ல போட்டுடுவாங்களோ, அந்தாள் வந்து எங்கட கதவில தட்டுவாரோ எண்டு பயமாவும் இருக்கு.

வத்தளை சுதன்

யோசிச்சுச் செய்யுங்க அக்கா. அடுத்தவன் வீட்டு விஷயம். அந்தத் தாய் அங்க பாடுபட்டு உழைக்கிறா, கேள்விப்பட்டா தாங்கமாட்டா. முதல்ல பிள்ளைட காயத்தை ஒரு வீடியோ எடுத்து ஃப்ளட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில போடுங்க. நாலு பேர் கேட்டா அந்தாள் திருந்துவார்.

ராணி அன்டி

வீடியோ வேண்டவே வேண்டாம் தம்பி. நான் ஒரு பிரதேச செயலகத்தில் பிள்ளைகளின் ஃபைல்களோடு பல வருஷம் வேலை செய்தவள். குரூப்பில் போட்ட படம் பின்னேரத்துக்குள் ஊரெல்லாம் சுற்றும். தகப்பன் குடித்துவிட்டு வந்து அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவார்? அந்தப் பிள்ளைகளிடம்தான். பிறகு அவள் ஸ்கூலுக்குத் திரும்பிப் போனாலும், அந்தப் படம் அவளுக்கு முன்னால் போய் நிற்கும்.

அடுத்தவன் வீட்டு விஷயமும் இல்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் 308அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர், பிள்ளைக்குக் கேடு வரும்படி வேண்டுமென்றே அடித்தாலும், கவனிக்காமல் விட்டாலும், கைவிட்டாலும் அது குற்றம். கை நீட்டி அடித்தால்தான் குற்றம் என்று எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மகள், ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை. கண்டதைக் கண்டபடி சொன்னால் போதும். எத்தனை மணிக்குப் பூட்டு விழுகிறது, காயம் எந்தக் கையில், பிள்ளை என்ன கேட்டான், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். "அப்பா அடிக்கிறாரா, குடிக்கிறாரா" என்று மூத்தவளைக் குடைந்து கேட்காதீர்கள். ஒவ்வொருவரும் கேட்கக் கேட்க பிள்ளை பயந்து வாயை மூடிக்கொள்ளும். அவளாகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள், சொன்ன வார்த்தையை மாற்றாமல் குறித்து வையுங்கள்.

1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். 24 மணி நேரமும் எடுக்கலாம், காசு போகாது, தமிழில் கதைக்கலாம். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லத் தேவையில்லை. முறைப்பாடு உங்கள் பகுதியில் சிறுவர் பாதுகாப்பைப் பார்க்கும் உத்தியோகத்தருக்கோ, பாரதூரம் என்றால் பொலிசுக்கோ போகும். கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகத்துக்குள் வருகிறது. அங்கே நேரில் போய் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்திக்கலாம்.

ஹோம் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஹோம் கடைசி வழி. அம்மம்மா, சித்தி, மாமா என்று பொறுப்பெடுக்க யாரும் இருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பிள்ளையை எங்கே விடுவது என்ற கேள்வி வந்தால் நன்னடத்தை உத்தியோகத்தர் நீதவானுக்கு அறிக்கை கொடுப்பார், தீர்மானிப்பது நீதவான். தாய் வழியில் யாரும் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சில வேளை எல்லாவற்றையும் மாற்றும்.

சீழ் வைத்த காயம் காத்திருக்காது. இன்றைக்கே 1929க்கு எடுங்கள். உள்ளே புகை, அலறல் என்று ஏதும் என்றால் 119, அம்புலன்சுக்கு 1990.

மூன்றாம்மாடி (கொட்டாஞ்சேனை)

எடுத்துச் சொல்லிட்டன் அன்டி. ஃபோன் எடுத்த பிள்ளை பொறுமையாக் கேட்டு எழுதிச்சு, காயத்தைப் பற்றித்தான் கூடக் கேட்டுது. தாயிட அம்மா முகத்துவாரத்தில இருக்கிறா எண்டு கீழ்க் கடைக்காரர் சொன்னார், அதையும் குடுத்தன். இன்னும் ஒருத்தரும் வரேல்லை. மூத்தவளிட பேரை ஸ்கூல்ல வெட்டிட்டாங்களாம், திரும்ப எடுப்பாங்களா?

ராணி அன்டி

எடுக்கத்தான் வேண்டும். 16 வயது வரை கட்டாயக் கல்வி. மறுத்தால் கொழும்பு வலயக் கல்வி அலுவலகத்துக்கு அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இல்லை என்று அதற்காக நிற்க வேண்டாம், பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். நாளைக்குப் பின்னேரம் வரை யாரும் வராவிட்டால் திரும்பவும் 1929க்கு எடுத்து, முதல் சொன்ன முறைப்பாடு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.