சல்காடோவின் கேமராக்களும் லென்ஸ்களும்: எதை மாற்றினார், எதை விடாமல் வைத்திருந்தார்?

கேள்வி:

பிரேசில் நாட்டுப் புகைப்படக்காரர் செபாஸ்தியாவோ சல்காடோவின் கறுப்பு-வெள்ளைப் படங்களைக் கால வரிசையில் பார்த்து வருகிறேன். 1986இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் எடுத்த படங்களிலும், 2004இல் கலாபகஸ் தீவுகளில் தொடங்கிய ‘ஜெனசிஸ்’ என்ற இயற்கைத் தொடரின் படங்களிலும் ஒரே கண் தெரிகிறது. ஆனால் இடையில் அவர் 35 மி.மீ. பிலிமை விட்டு, அதைவிடப் பெரிய பிலிமான மீடியம் ஃபார்மட்டுக்கும், பிறகு டிஜிட்டலுக்கும் மாறியிருக்கிறார். இந்த மாற்றங்களுக்குக் காரணம் என்ன? ஆவணப் படங்கள் எடுக்கத் தொடங்கியிருக்கும் என்னிடம் ஒரு 24-70 மி.மீ. ஜூம் லென்ஸ் மட்டுமே உள்ளது. அவருடைய லென்ஸ் தேர்விலிருந்து நான் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று மூத்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

நல்ல கேள்வி, தம்பி. பொருளாதாரம் படித்துவிட்டு லண்டனில் பன்னாட்டுக் காபி அமைப்பில் வேலை பார்த்த சல்காடோ, மனைவி லெலியா வாங்கிய பென்டாக்ஸ் கேமராவில்தான் படமெடுக்கத் தொடங்கினார். 1973இல் அந்த வேலையை விட்டு முழுநேரப் புகைப்படக்காரரானார். அவர் பெயரை உலகறியச் செய்த படங்களுக்குப் பின்னால் இருந்தவை லைக்கா கேமராக்கள். எம், ஆர் ஆகிய இரு வரிசைகளையும் பயன்படுத்தினார். லென்ஸ்கள் பெரும்பாலும் 28, 35, 60 மி.மீ. என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். இந்த எண்கள் லென்ஸின் குவியத் தூரம், எண் சிறிதானால் பார்வை அகலமாகும்.

இந்த மூன்றையும் சற்று நிதானமாகக் கவனியுங்கள். தொலைவிலிருந்து முகத்தைப் பறித்துவரும் 200 மி.மீ. அதில் இல்லை. 28 மி.மீ. லென்ஸில் ஒரு மனிதன் சட்டகத்தில் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் அவனுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போது அவனைச் சுற்றியுள்ள கூட்டமும் மண்ணும் வானமும் தாமாகவே படத்துக்குள் வந்துவிடும். 60 மி.மீ. என்பது ஆர் வரிசைக்கான மேக்ரோ லென்ஸ். பொருளைப் பிலிமில் பாதி அளவுக்குப் பதிவு செய்யும் வரை நெருங்கலாம். லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனிச் சாளரம் வழியாகப் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டர் வகையான எம் கேமராவில் அவ்வளவு நெருக்கத்தில் ஃபோகஸ் செய்வது கடினம், லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். வகையான ஆர் கேமராவில் எளிது. இரண்டு வரிசைகளையும் வைத்திருப்பதன் பயன் இங்கே விளங்கும். 1988இல் வந்த ஆர்6 கேமராவின் ஷட்டர் முழுக்க இயந்திர முறையில் இயங்குவதால், பேட்டரி தீர்ந்தாலும் ஒளிமானி மட்டுமே நிற்கும், படமெடுப்பது நிற்காது. மின்சாரமில்லாத இடங்களில் வாரக்கணக்கில் தங்குபவருக்கு இது பெரிய காரணம்.

ஆகவே அவரிடம் மாறாமல் இருந்தது, எதிரில் இருப்பவருக்கும் தமக்கும் இடையில் அவர் வைத்துக்கொண்ட தூரம் என்பது என் கருத்து. கேமராவைப் பயணமும் அச்சின் அளவும் தீர்மானித்தன.

மறுமொழி 2:

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் கேமராவை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ‘ஜெனசிஸ்’ பணிக்காக அவர் மீடியம் ஃபார்மட் கேமராவான பென்டாக்ஸ் 645ஐ எடுத்தார். அதன் நெகட்டிவ் 35 மி.மீ. நெகட்டிவைப் போல் ஏறத்தாழ 2.7 மடங்கு பரப்புடையது. பனிமலையையும் மேகத்தையும் பெரிய அச்சாகப் போடும்போது சாம்பல் நிறப் படிகள் குலையாமல் நிற்பதற்கு இந்தப் பரப்பு வேண்டும். கலாபகஸில் எடுத்த கடல் உடும்பின் கால் படத்தைப் பெரிய அச்சில் பார்த்தால், ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக ஒளி வாங்கி நிற்பது புரியும்.

அந்தக் கேமராவை அவர் விட்டதற்குக் காரணம் விமான நிலையங்கள். 2001க்குப் பிறகு சோதனைகள் கடுமையாகி, ஒரே பிலிம் பல முறை எக்ஸ்-கதிர் இயந்திரங்களுக்குள் போய் வந்ததில் சாம்பல் படிகள் கெடத் தொடங்கின. அதனால் 2008இல் 21 மெகாபிக்சல் கேனன் இஓஎஸ்-1டிஎஸ் மார்க் 3க்கு மாறினார். வேலை முறையை மட்டும் அவர் விடவில்லை: டிஜிட்டல் படங்களையும் கான்டாக்ட் ஷீட்டாக (பல சிறு படங்கள் ஒரே தாளில்) அச்சிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தே தேர்ந்தெடுத்தார். தேர்ந்தவற்றிலிருந்து 4×5 அங்குல நெகட்டிவ் உருவாக்கி, வெள்ளி உப்புத் தாளில் அச்சிடச் செய்தார்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. ஃபார்மட் மாறும்போது 28, 35 என்ற எண்களும் மாறிவிடுமே, அதை எப்படிக் கணக்கிடுவது? என் ஜூமை விற்றுவிட்டு ஒற்றை லென்ஸ் வாங்க வேண்டுமா?

மறுமொழி 1:

645 ஃபார்மட்டுக்கு எண்ணை 0.62ஆல் பெருக்குங்கள். 45 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 28இன் பார்வையைத் தரும், 55 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 35இன் பார்வையைத் தரும். சட்டகத்தின் விகிதம் வேறு என்பதால் இது துல்லியமான பொருத்தம் ஆகாது.

ஜூமை விற்க வேண்டாம். உங்களுடையது முழுச் சட்டகக் கேமரா (35 மி.மீ. பிலிம் அளவு சென்சார் கொண்டது) என்றால், சல்காடோவின் மூன்று குவியத் தூரங்களும் 24-70க்குள்ளேயே இருக்கின்றன. வளையத்தை 35இல் நிறுத்தி ஒட்டுநாடா போட்டுவிட்டு, ஒரு பணி முழுவதையும் அதிலேயே எடுங்கள். அடுத்த பணியை 28இல் எடுங்கள். எடுத்தவற்றைத் திரையில் பார்ப்பதோடு நிறுத்தாமல் சிறிய அச்சுகளாகப் போட்டு மேசையில் பரப்புங்கள். எந்தத் தூரத்தில் உங்கள் எதிரில் இருப்பவர்கள் இயல்பாக இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒற்றை லென்ஸ் வாங்குவதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.