மறு: ‘பெஞ்ச் வாரண்ட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். நம் கையேடு டெக்சாஸில் வாழும் தமிழர்களுக்கானது. டாலஸிலோ ஹூஸ்டனிலோ வேலை பார்ப்பவர், நெடுஞ்சாலையில் ஏதோ ஒரு கிராமப்புறக் கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) கடக்கையில் வேகமாக ஓட்டியதற்குப் போலீஸிடம் டிக்கெட் (வழக்குச் சீட்டு) வாங்குகிறார். அதில் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. குறித்த நாளுக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்கிறேன் என்ற வாக்குறுதி, அவ்வளவுதான். அப்புறம் வீடு மாறுகிறார், கடிதம் பழைய முகவரிக்குப் போகிறது, நாள் தாண்டிவிடுகிறது. நீதிபதி வாரண்ட் பிறப்பிக்கிறார். வேக வழக்கோடு, வராமல் போனதற்கென்று இரண்டாவது வழக்கும் சேரலாம். இந்த வாரண்டுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

> ‘அமர்வுப் பிடியாணை’ என்றே வைக்கலாமே. பெஞ்ச் என்றால் அமர்வு, ஏற்கனவே புழக்கத்தில் உள்ள சொல்.

அண்ணா, புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். ‘இரு நீதிபதிகள் அமர்வு’ என்று தினமும் பேப்பரில் படிப்பவருக்கு, ஹைகோர்ட்டில் பெரிய வழக்கில் மாட்டிக்கொண்டோம் என்று கை கால் ஓடாது. இங்கே உட்கார்ந்திருப்பவர் ஒரே ஒரு நீதிபதி. டெக்சாஸில் ஜே.பி. கோர்ட் (‘ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்’, சிறு வழக்குகளுக்கான உள்ளூர்க் கோர்ட்) நீதிபதி வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும் என்றுகூட விதியில்லை. புலன்விசாரணை செய்த போலீஸ்காரர் ஆதாரத்தை எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குவது சாதாரணக் கைது வாரண்ட். அப்படி யாரும் கேட்காமல், கோர்ட் சொன்னது நடக்கவில்லை என்பதற்காக நீதிபதி தம் ஆசனத்திலிருந்தே பிறப்பிப்பது பெஞ்ச் வாரண்ட். அந்த ஆசனத்தை மொழிபெயர்த்து வாசகருக்கு என்ன ஆகப்போகிறது? ஏன் வந்தது, எப்படித் தீர்ப்பது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

(இதோடு தொடர்புடைய இன்னொன்று: ‘ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்’ என்பதைச் ‘சமாதான நீதவான்’ என்று போட வேண்டாம். இலங்கையில் அவர் ஆவணங்களுக்குச் சான்றுக் கையெழுத்துப் போடுகிறவர். டெக்சாஸில் அதே பெயருள்ளவர் வழக்கு விசாரித்து அபராதம் விதிக்கிறவர். ‘ஜே.பி. கோர்ட்’ என்றே இருக்கட்டும். அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் கேள்விப்பட்டிருப்பார்கள்.)

> ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்ட்’ என்று செய்திகளில் வருகிறதே, அது போதும்.

ஐயா, இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நம்மூரில் வாய்தாவுக்குப் போகாவிட்டால் அது வருவதுண்டு என்பது உண்மை. ஆனால் பெஞ்ச் வாரண்டுகளில் பெரும்பாலும் பிணைத்தொகை குறித்திருக்கும், சிலவற்றில்தான் இருக்காது. வேக டிக்கெட் போன்றவை டெக்சாஸில் அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய வழக்குகள். அப்படிப்பட்ட ஒருவரிடம் “ஜாமீனே கிடையாது” என்று நாமே எழுதிக் கொடுத்தால் என்ன செய்வார்? கோர்ட் பக்கமே போக மாட்டார். வாரண்டோ காலாவதி ஆவதில்லை. நாலைந்து வருடம் கழித்து, பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு போலீஸ்காரர் காரை ஓரங்கட்டும்போது கணினியில் வந்து நிற்கும். பின் இருக்கையில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அப்பாவைக் கைது செய்யும் நிலை வரும்.

உண்மையில் கதவு அவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கவில்லை. 2017இல் டெக்சாஸில் சட்டம் திருத்தினார்கள். அபராத வழக்குகளில் ஒருவர் வராததற்காக வாரண்ட் போடுமுன், போனிலோ தபாலிலோ இன்னொரு நாள் குறித்துத் தெரிவிக்க வேண்டும். வாரண்ட் போட்ட பிறகும், தாமாகவே கோர்ட்டுக்கு வந்து விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள நேர்மையாக முயன்றால் அதை நீதிபதி திரும்பப் பெற வேண்டும். மொத்தமாகக் கட்ட முடியாதவர் பிரித்துக் கட்டக் கேட்கலாம், பணத்துக்குப் பதில் சமூக சேவை கேட்கலாம், தள்ளுபடியும் கேட்கலாம். இதையெல்லாம் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டுத் தலைப்பில் ‘வெளிவர முடியாத’ என்று போட்டால் தலைப்போடு மூடி வைத்துவிடுவார்கள்.

> கோர்ட் உத்தரவை மீறியதால் வருவது. ‘கீழ்ப்படியாமைப் பிடியாணை’ பொருத்தமாக இருக்கும்.

பொருள் கிட்டத்தட்ட சரி, தொனிதான் சரியில்லை. கீழ்ப்படியாமை என்றால் வேண்டுமென்றே செய்தது என்றாகிவிடும். பணம் இல்லாததால் அபராதம் கட்டாதவரை அதற்காகவே சிறையில் தள்ளக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் டெக்சாஸ் வழக்கு ஒன்றிலேயே சொன்னது. வேண்டுமென்றே கட்டவில்லையா, கட்ட வழியில்லையா என்று விசாரித்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று 1983இல் ஜார்ஜியா வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது. நீதிபதியே விசாரித்துப் பிறகு முடிவு செய்ய வேண்டியதை நம் சொல் முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடக் கூடாது.

யாழ்ப்பாணத்து அக்கா போன மடலில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை: “எங்கட பக்கம் வழக்குத் தவணைக்குப் போகாட்டில் பிடியாணைதான்.” தமிழ்நாட்டில் நாம் வாய்தா என்பதை அவர்கள் தவணை என்கிறார்கள். நமக்குத் தவணை என்றால் பிரித்துக் கட்டும் பணம். பெஞ்ச் வாரண்ட் வருவதும் பெரும்பாலும் இந்த இரண்டினால்தான்: கோர்ட் நாளைத் தவறவிட்டதால், அல்லது அபராதப் பணம் கட்டத் தவறியதால். இரு கரைப் பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்? என் பரிந்துரை தவணைத் தவறல் பிடியாணை. ‘தவறற்பிடியாணை’ என்று புணர்த்தினால் இலக்கணம் மகிழும், படிப்பவர் திணறுவார், பிரித்தே எழுதலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர் நிபந்தனையை மீறினால் வருவது இந்தச் சொல்லுக்குள் முழுதாக அடங்காது, தெரியும். அதற்கு அந்தப் பகுதியில் தனியாக ஒரு வரி எழுதிவிடலாம்.

தீர்ப்புக்குப் பிறகு கட்டாத பணத்துக்காகப் போடும் வாரண்டுக்கு டெக்சாஸில் ‘கேபியஸ் ப்ரோ ஃபைன்’ என்று லத்தீன் பெயர். கடிதத்தில் அப்படியே வரும் என்பதால் அந்த ஒலிப்பையும் கொடுத்து, பக்கத்தில் ‘அபராதப் பிடியாணை’ என்று போடலாம்.

இன்னும் தீராதது ‘ரீகால்’, அதாவது போட்ட வாரண்டை நீதிபதி திரும்பப் பெறுவது. வரைவில் ‘வாரண்ட் ரத்து’ என்று இருக்கிறது. ரத்து என்றதும் வழக்கே முடிந்துவிட்டது என்று நினைத்து, புதிதாகக் கொடுத்த தேதிக்கும் போகாமல் இருந்துவிடுவார்கள். மறுபடி வாரண்ட் வரும். கைது செய்யும் ஆணை மட்டும்தான் போகிறது, வழக்கு தீரும்வரை அப்படியே இருக்கிறது. ‘பிடியாணை மீளப்பெறல்’ என்று இலங்கைச் செய்திகளில் வருவது இதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

கிராமப்புறம் பற்றிய பகுதியில் ஒன்று சேர்க்க வேண்டும். டெக்சாஸில் 254 கவுண்டிகள். லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 64 பேர். இப்படிப்பட்ட இடங்களில் இணையத்தில் எல்லாம் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. டிக்கெட்டில் எந்தக் கோர்ட், எந்தப் பிரிசிங்ட் (கவுண்டியின் உட்பிரிவு) என்று அச்சிட்டிருக்கும். அங்கே கிளார்க்கிடம் போனில் பேசுவதுதான் முதல் வேலை. கேட்க வேண்டியவை வழக்கு எண், வாரண்ட் இருக்கிறதா, பிணைத்தொகை எவ்வளவு, நேரில் வராமல் வக்கீல் மூலமோ தபாலிலோ முடிக்க முடியுமா. ஷெரீப் (கவுண்டி போலீஸ் தலைவர்) ஆபீஸிலிருந்து பேசுகிறோம், கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொன்னால் வாரண்ட் போய்விடும் என்று அழைப்பு வந்தால் அது மோசடி என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

எதிர்ப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அக்கா, ‘தவணைத் தவறல்’ உங்கள் பக்கத்து ஆட்களுக்கு இயல்பாகப் படுகிறதா, இல்லை ‘தவணை தவறியமைக்கான பிடியாணை’ என்று நீட்டிச் சொன்னால்தான் சரியாக இருக்குமா? உங்கள் பதில் வந்ததும் சொற்பட்டியலைத் திருத்திவிடுகிறேன்.