விமர்சன மதிப்பெண்ணுக்கும் வசூலுக்கும் கோரிலேஷனே (ஒன்று ஏற மற்றதும் ஏறும் தொடர்பு) வரவில்லை. தப்பு எங்கே?

எக்ஸெல்_ராசா:
2005 முதல் 2023 வரை அமெரிக்காவில் வெளியான படங்களை ஷீட்டில் ஏற்றியிருக்கிறேன். ஒரு நெடுவரிசையில் விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதம், பக்கத்தில் உள்நாட்டு மொத்த வசூல். படம் வரைந்தால் புள்ளிகள் வானத்து நட்சத்திரம் மாதிரி சிதறிக் கிடக்கின்றன. 'வெனம்' (2018) 30 சதவீதத்தை ஒட்டிய மதிப்பெண்ணோடு உலகெங்கும் 85 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. விமர்சனத்தால் வசூலுக்கு ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்டிவிடலாமா?

கல்லாப்பெட்டி:
அவசரப்படாதீர்கள். மொத்த வசூலில் இரண்டு வேறு சமாசாரங்கள் கலந்திருக்கின்றன. முதல் வார இறுதிப் பணம் டிரெய்லர், நட்சத்திரம், முந்தைய பாகங்களின் பெயர், ஸ்கிரீன் எண்ணிக்கை ஆகியவற்றுக்காக வருவது. விமர்சனமும் மவுத் டாக்கும் வேலை செய்வது அதற்குப் பிறகுதான். ஆகவே மொத்தத்தை முதல் வார இறுதி வசூலால் வகுத்து மல்டிபிளையர் எடுங்கள். 'பேட்மேன் வி சூப்பர்மேன்' (2016) ஓப்பனிங் 16.6 கோடி டாலர், மொத்தம் 33 கோடி. மல்டிபிளையர் 2-ஐத் தொடவில்லை. மொத்தத்தை மட்டும் பார்த்தால் அது வெற்றிப்படம் மாதிரிதான் தெரியும்.

எதிர்முனையில் 'தி கிரேட்டஸ்ட் ஷோமேன்' (2017). ஓப்பனிங் 88 லட்சம், மொத்தம் 17.4 கோடி, அதாவது கிட்டத்தட்ட 20 மடங்கு. ஆனால் இதை அப்படியே நம்பிவிடாதீர்கள். படம் வந்தது புதன்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முன்பு. முதல் இரண்டு நாள் வசூல் வார இறுதிக் கணக்கில் சேராது, விடுமுறைக் கூட்டமோ அடுத்த வாரத்தில். ஓப்பனிங் செயற்கையாகக் குறைந்து மல்டிபிளையர் ஊதிப்போகும். டிசம்பர் கடைசியில் வந்த படங்களைத் தனியாக வையுங்கள். நாலைந்து திரையரங்கில் தொடங்கி மெல்லப் பரவிய படங்களையும் தூக்கிவிடுங்கள். 600 திரையரங்குக்குக் கீழே தொடங்கியதை அங்கே யாரும் பரவலான வெளியீடாகக் கணக்கில் எடுப்பதில்லை.

பத்துக்கு_ஆறு:
மேலே சொன்னது சரி. ஆனால் இடது பக்க நெடுவரிசையும் கோளாறுதான். அந்தச் சதவீதம் மதிப்பெண்ணே இல்லை, 'பார்க்கலாம்' என்றவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. நூறு விமர்சகர்களும் பத்துக்கு ஆறு கொடுத்து 'பரவாயில்லை' என்று எழுதினால் படத்துக்கு 100 சதவீதம் விழும். பாதிப் பேர் பத்து, பாதிப் பேர் நான்கு என்று கொடுத்தால் 50-தான், சராசரி என்னவோ ஏழு! எனவே மெட்டாகிரிட்டிக் என்ற இன்னொரு விமர்சனத் திரட்டுத் தளத்தின் எண்ணை எடுங்கள். அது எடை போட்ட சராசரி.

மல்டிபிளையரைக் கணிக்க விமர்சகரைவிட சினிமாஸ்கோர் உதவும். முதல் நாள் இரவு திரையரங்கில் பார்வையாளர்களிடமே சீட்டுக் கொடுத்து வாங்கும் கிரேடு, ஏ பிளஸ் முதல் எஃப் வரை. முதல் நாளே ஓடி வருபவர்கள் ரசிகர்கள் என்பதால் கை தாராளம். பெரிய படத்துக்கு பி வந்தாலே ஆபத்து. மேலே சொன்ன 'பேட்மேன்' படத்துக்கு பி, 'ஷோமேன்' படத்துக்கு ஏ. விமர்சகர்கள் இரண்டாவதையும் ஒன்றும் கொண்டாடவில்லை.

திகில் படங்களை மட்டும் மற்றவற்றோடு கலக்காதீர்கள். 'ஹெரிடிட்டரி' (2018) விமர்சகர்களிடம் 90 சதவீதத்தை ஒட்டி வாங்கியது, சினிமாஸ்கோர் டி பிளஸ். அப்படியும் ஓப்பனிங்கைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஓடியது. அந்த வகைக்கு கிரேடு எப்போதுமே குறைவாகத்தான் விழும்.

எக்ஸெல்_ராசா:
மல்டிபிளையரும் மெட்டாகிரிட்டிக்கும் மாற்றிக்கொள்கிறேன். 2005-ஐயும் 2023-ஐயும் ஒரே ஷீட்டில் வைக்கலாமா? வருடம் ஏற ஏற ராட்டன் டொமேட்டோஸ் சதவீதமும் ஏறுகிறதே, படங்கள் நன்றாகிவிட்டனவா?

பழைய_பக்கம்:
அளவுகோலே மாறியிருக்கிறது. 2018 ஆகஸ்டில் அந்தத் தளம் விமர்சகர்களைச் சேர்க்கும் விதிகளைத் தளர்த்தியது. பத்திரிகைக்காரர்கள் மட்டுமின்றி தனியாக எழுதுபவர்கள், யூடியூப், பாட்காஸ்ட் ஆட்களும் உள்ளே வந்தார்கள். ரசிகர் மதிப்பெண்ணும் அப்படித்தான்: 2019-இல் படம் வெளிவருமுன் கருத்திடுவதை நிறுத்தினார்கள், அதே வருடம் டிக்கெட் வாங்கியதை உறுதிசெய்யும் முறையும் வந்தது. அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தையதையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் போலி ஏற்றம் தெரியும். ஒவ்வொரு படத்தையும் அதே வருடப் படங்களுக்குள் எத்தனையாவது இடம் என்று மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. இன்று தளத்தில் தெரியும் எண் ரிலீஸ் அன்று இருந்த எண் அல்ல. சிறப்புக் காட்சிக்கு அழைக்கப்பட்டவர்களின் முதல் விமர்சனங்கள் பெரும்பாலும் இனிப்பாக இருக்கும், விமர்சனம் வெளியிடுவதற்கான தடை விலகி மற்றவர்கள் எழுதும்போது எண் இறங்கும். டிக்கெட் வாங்கியவர் பார்த்தது அன்றைய எண்ணைத்தான். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் ரிலீஸ் வெள்ளிக்கிழமைக்கு மிக அருகிலுள்ள பிரதியைத் திறந்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2020, 2021 படங்களை விட்டுவிடலாம். திரையரங்குகள் மூடிக் கிடந்தன, 2021-இல் வார்னர் பிரதர்ஸ் தன் படங்களை அன்றே எச்பிஓ மேக்ஸ் ஓடிடியிலும் போட்டது.

கல்லாப்பெட்டி:
இரண்டாம் வார இறுதிச் சரிவையும் ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள், ஆனால் வியாழன் இரவு முன்காட்சிப் பணத்தை முதலில் கழித்துவிட்டு. அதை வெள்ளிக்கிழமைக் கணக்கில்தான் சேர்த்துக் காட்டுவார்கள். இரண்டாம் வாரத்தில் அந்த வரவு கிடையாது என்பதால், ரசிகர் கூட்டம் அதிகமுள்ள படம் நிஜத்தில் விழுந்ததைவிடப் பலமாக விழுந்த மாதிரி தெரியும்.