மறு: 'மென்டர்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

வணக்கம் நண்பர்களே,

> 'வழிகாட்டி' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே?

எல்லாருக்கும் தெரிந்திருப்பதுதான் சிக்கல். கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குப் புதியவர்களை அழைத்துவந்து பயிற்சி தரும் அவுட்ரீச்சியின் அறிவிப்பைத் தமிழாக்கினால் 'வழிகாட்டியைப் படித்துவிட்டு வழிகாட்டியைத் தொடர்புகொள்ளுங்கள்' என்று ஒரு வரி வந்து நிற்கிறது. முதலாவது ஆவணம், இரண்டாவது ஆள். 'வழிகாட்டித் திட்டம்' என்றாலோ ஏதோ முன்மாதிரித் திட்டம்போல ஒலிக்கிறது.

'ஆற்றுப்படுத்துநர்' எனக்கு மிகவும் பிடித்தது. பரிசில் தேடும் ஆடல்மகளுக்கு வழிசொல்லும் விறலியாற்றுப்படை என்றே பழம்பாடல்களில் ஒரு துறை இருக்கையில் பொருத்தத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் உளவியல் ஆலோசகருக்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது. தவிர, ஆற்றுப்படையில் பரிசில் பெற்றவர் வழியைச் சொல்லிவிட்டுத் தம் பாட்டில் போய்விடுவார், கூட வரமாட்டார்.

இங்கே கூட வருவதுதான் வேலையே. விண்ணப்பக் காலத்திலேயே புதியவர் சின்னதாக ஏதாவது திருத்தி அனுப்ப வேண்டும். எந்தக் கோப்பில் தேடுவது, பேட்ச் (அனுப்பிய நிரல் திருத்தம்) ஏன் திரும்பி வந்தது, 'இது சரியில்லை' என்று ஒற்றை வரியில் எழுதியவர் கோபத்தில் எழுதினாரா, எப்போதும் அப்படித்தான் எழுதுவாரா என்பதையெல்லாம் சொல்கிறவர்தான் மென்டர். கடைசியாகச் சொன்னது எந்த ஆவணத்திலும் கிடைக்காது. தேர்வானபின் மூன்று மாதமும் இதே பணிதான்.

2006-இல், கட்டற்ற மென்பொருளில் நிரல் எழுத உதவித்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்காக, க்னோம் என்ற கணினித் திரைச்சூழல் திட்டத்துக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. பெண்களிடமிருந்து ஒன்றுகூட இல்லை. அதே ஆண்டு பெண்களுக்கென்று தனியாக அறிவித்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன, ஆறு பேரை எடுத்துக்கொண்டார்கள். அந்த முயற்சிதான் 2010-இல் மீண்டும் தொடங்கி, 2015-இல் அவுட்ரீச்சி என்று பெயர் மாறியது. நிரலும் ஆவணங்களும் முன்பும் பொதுவெளியில்தான் கிடந்தன. இல்லாமல் இருந்தது 'நீங்களும் வாருங்கள்' என்ற அழைப்பும், தயங்காமல் கேள்வி கேட்க ஓர் ஆளும்.

ஆகவே என் பரிந்துரை 'வழித்துணைவர்'. மென்டரிடம் கற்கிற 'மென்டீ'க்குத் தனிச்சொல் வேண்டாம். 'புதுப் பங்களிப்பாளர்' போதும். 'மாணவர்' கூடவே கூடாது. வருகிறவர் வேறு துறையில் பல ஆண்டு உழைத்தவராகவும் இருக்கலாம்.

---

> என் பரிந்துரை 'வழித்துணைவர்'

'துணைவர்' என்றதும் கணவர்தான் நினைவுக்கு வருகிறார், ஐயா. அதோடு, பெண்களுக்காகத் தொடங்கிய திட்டத்தில் 'துணை' வந்தால் 'தனியாகப் போகாதே, துணைக்கு ஆளைக் கூட்டிப் போ' என்ற பழைய பாட்டுதான் காதில் விழுகிறது. கேட்டுக் கேட்டு அலுத்தவள் சொல்கிறேன். 'உடன்பயணர்' எப்படி?

---

கணவர் விஷயம் நியாயம் அம்மா. 'வர்' விகுதியை எடுத்துவிட்டு 'வழித்துணை' என்றே ஆளைக் குறிக்கலாம்.

'உடன்பயணர்' என்றால் இருவருமே வழி தெரியாதவர்கள் என்று ஆகிவிடும். அவுட்ரீச்சியில் பயிற்சி முடித்த பலர் பிறகு தாங்களே மென்டராக வருகிறார்கள். அந்த 'முன்பே நடந்தவர்' என்ற பொருள் விட்டுப்போகக் கூடாது.

பெண்களுக்கு மட்டும் இந்தச் சொல் என்றால் நானே எதிர்ப்பேன். சம்மர் ஆஃப் கோடில் ஆண், பெண் எல்லாருக்கும் மென்டர் உண்டு. அந்தப் பக்கங்களிலும் இதே சொல்லைத்தான் இடப்போகிறோம். இருவர் சேர்ந்து பார்த்துக்கொண்டால் 'இணை வழித்துணை'.

இப்போதைக்கு வரைவில் 'வழித்துணை' என்று போட்டு, நீங்கள் சொன்ன மறுப்பையும் பக்கத்திலேயே குறித்துவைக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வெளியிடுவதற்கு முன் சொல்லுங்கள்.