லண்டன் மேயர் தேர்தல்ல லேபர் கட்சி சாதிக் கான் மூணாவது வாட்டி ஜெயிச்சது அவர் சாதனையா, எதிர்ல நின்னவங்க தயவா?

ஹாரோக்காரன்:
என்ன பெரிய வெற்றி எண்டு துள்ளுறியள்? 2024 மே மாசம் வோட் போட வந்ததே 40.5 வீதம், அதில அவருக்கு 43.8. கணக்குப் பாத்தா நூறு பேரில பதினெட்டுப் பேர் கூட அவருக்குப் போடேல்லை. லண்டன் மேயருக்கு இத்தனை தரம்தான் எண்ட கட்டுப்பாடும் இல்லை, ஆள் இனி கதிரையை விட்டு எழும்பாது.

ஈஸ்ட்ஹாம் பையன்:
அண்ணே இதே கணக்க 2012லயும் போட்டீங்களா? கன்சர்வேட்டிவ் கட்சி போரிஸ் ஜான்சன் ரெண்டாவது வாட்டி மேயரா ஜெயிச்சப்ப வந்ததே 38 சதவீதம்தான். கான் 2 லட்சத்து 75 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சிருக்கார், ரெண்டாவது விருப்ப ஓட்டு முறைய எடுத்துட்டு அதிக ஓட்டு வாங்கினவர் ஜெயிச்சார்னு மாத்தினதே உங்க கன்சர்வேட்டிவ் அரசுதான், அதுவும் கைகொடுக்கல 😄

ஹாரோக்காரன்:
எங்கட கட்சி எண்டு ஆர் சொன்னது தம்பி? நான் யூலெஸ்ஸைப் பற்றிக் கதைக்கிறன், அதுதான் புகை கூடின வாகனங்களிட்டக் காசு அறவிடுற திட்டம். 2023 ஆகஸ்ட் 29ல லண்டன் முழுக்க விரிச்சினம், பழைய டீசல் வேன் எண்டா ஒரு நாளைக்கு 12.50 பவுண்ஸ். உள்ளுக்க இருக்கிற உங்களுக்கு ட்யூப் ரயில் இருக்கு, விடிய நாலு மணிக்கு வேலைக்குப் போறவன் எதில போறது? அது வரப்போகுது எண்ட கோவத்திலதான் அதுக்கு முதல் மாசம் அக்ஸ்பிரிட்ஜ் எம்பி இடைத்தேர்தல்ல லேபர் 495 வோட்டால தோத்தது. மேயர் தேர்தல்லயும் எங்கட ஹாரோப் பக்கம் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் சூசன் ஹால்தான் முன்னுக்கு.

ஈஸ்ட்ஹாம் பையன்:
வேன் விஷயம் நியாயம்தான், ஒத்துக்கறேன். பழைய வண்டிய கொடுத்தா காருக்கு 2000 பவுண்ட் கொடுத்தாங்க, அத வச்சு நல்ல வண்டி வாங்க முடியாதுதான். ஆனா யூலெஸ் திட்டத்த முதல்ல அறிவிச்சதே போரிஸ், கான் அத முன்கூட்டியே 2019ல கொண்டு வந்து அப்புறம் விரிச்சார். அரசு பிரைமரி ஸ்கூல் பசங்க எல்லாருக்கும் இலவச சாப்பாடு, ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தன பஸ் மாறினாலும் ஒரே டிக்கெட், இதெல்லாம் வேன் இல்லாதவனுக்கும் போய் சேருதுல்ல?

சும்மா பாக்கறவன்:
நடுவுல வர்றேன், தலையில குப்பைத்தொட்டிய கவுத்துக்கிட்டு நின்ன காமெடி வேட்பாளர் கவுண்ட் பின்ஃபேஸ் 24 ஆயிரம் ஓட்டு வாங்கி பிரிட்டன் ஃபர்ஸ்ட்ங்கற தீவிர வலதுசாரி கட்சிய தாண்டினார், அத யாருமே பேசல 😂

ஹாரோக்காரன்:
அவரும் மூண்டு தரம் வெண்டா நாங்கள் கதைப்பம். தம்பி, சாப்பாடு நல்லது, பிள்ளையளுக்குக் குடுக்க வேணாம் எண்டு நான் சொல்லேல்லை. லண்டன்ல நடக்கிற கத்திக்குத்துக்கு என்ன பதில், அதைச் சொல்லும் முதல்ல.